அண்ணாவின் சந்தை, ஜெரோமின் ஆய்வுகூடம்

1

நான் ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, சாப்பாடு ஊட்டுவது, படுக்கையில் புரட்டிவிடுவது, இவைதான் வேலை. இருபது வருடத்துக்கு மேலாக இதே கட்டடம், இதே இரண்டாம் மாடி. இடுப்பு நோகாத நாள் இல்லை. அதைப் பற்றி எழுத வரவில்லை.

கொஞ்ச நாளைக்கு முன் எங்கள் சாப்பாட்டறையில் ஒரு கதை எழும்பியது. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், நல்ல பிள்ளை, சூப்பைச் சூடாக்கிக்கொண்டே சொன்னாள்: “எனக்கென்னவோ அந்தக் கொரோனாவை எல்லாரும் பெரிதாக்கிவிட்டார்கள் என்றுதான் படுகிறது. செத்தவர்களில் முக்கால்வாசி வயதானவர்கள்தானே. எப்படியும் போயிருப்பார்கள்.”

அவள் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பாள். வீட்டில் இருந்து கணினியில் பாடம் படித்தது மட்டும்தான் அவளுக்கு நினைவு. நாங்கள் இருந்து சாப்பிட்ட அந்த மேசைக்கு நேர் மேலே, என் மாடியில், வரிசையாக அறைகள் வெறுமையானதை அவள் பார்த்ததில்லை. யாருக்குத் தேநீரில் பால் கூட வேண்டும், யாருக்கு இடது காதில் மட்டும்தான் கேட்கும் என்று எனக்குத் தெரிந்திருந்த ஆட்கள். அவர்களுடைய பிள்ளைகள் கீழே புல்வெளியில் நின்று கண்ணாடிக்குள்ளால் கையசைப்பார்கள். பிறகு ஒருநாள் கையசைக்க ஆள் இருக்காது.

எனக்கு முன்பே இன்னொருத்தி பதில் சொன்னாள். அதிலிருந்து பேச்சு எங்கெல்லாமோ போனது. ஆய்வுகூடத்தில் செய்தது என்றான் ஒருவன். இல்லை, சந்தையில் விற்ற மிருகத்திலிருந்து வந்தது என்றாள் மற்றவள். ஆளுக்கொரு காணொளியை எடுத்துக் காட்டினார்கள். சண்டை முற்றியபோது நான் என் சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டேன்.

சந்தையா, ஆய்வுகூடமா என்ற வழக்கு எங்கள் வீட்டில் ஐந்து வருடமாக நடந்துகொண்டிருந்தது. வெளியிலும் அதைக் கேட்டுக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை. அன்று பின்னேரம் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் இந்தமுறை அம்மாவின் திவசத்துக்குக் கொழும்புக்குப் போவது என்று முடிவெடுத்தேன்.

2

அம்மாவுக்குக் கொழும்பிலேயே வருடத்தில் இரண்டு திவசம் நடக்கும். ஒன்று வெள்ளவத்தையில் லிங்கம் அண்ணாவின் வீட்டில், ஐயரை அழைத்து முறைப்படி. மற்றது கொட்டாஞ்சேனையில், அம்மா இருந்த அதே வீட்டில், தங்கச்சி சுகந்தி சமைத்து நாலு பேருக்குச் சாப்பாடு கொடுப்பாள். அண்ணா கொட்டாஞ்சேனைக்குப் போவதில்லை, சுகந்தி வெள்ளவத்தைக்குப் போவதில்லை. நான் ஸ்காபரோவில் இருந்து இரண்டையும் போனில் பார்ப்பேன். அண்ணா வீட்டில் பிண்டம் வைக்கும்போது கும்பிட்டுவிட்டு, அந்த அழைப்பை வெட்டிவிட்டு, சுகந்தியின் அழைப்பை எடுத்து மறுபடி கும்பிடுவேன்.

ஏன் இப்படி ஆனது என்று சொல்ல வேண்டும்.

சுகந்தி கட்டியது ஜெரோமை. கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்த கத்தோலிக்கர். பேலியகொடை மீன் சந்தையில் லொறிகளில் வரும் மீனை மொத்தமாக எடுத்து ஹோட்டல்களுக்குக் கொடுப்பது தொழில். அந்தக் கலியாணத்தை அண்ணா விரும்பவில்லை. அம்மாவும் முதலில் விரும்பவில்லை. ஆனால் அப்பா போனபிறகு அம்மாவோடு வந்து இருந்தது சுகந்தியும் ஜெரோமும்தான். அம்மா மீன், இறைச்சி தொடாத மரக்கறிக்காரி. ஜெரோம் சந்தையால் வந்ததும் கீழே குழாயடியில் குளித்து, உடுப்பு மாற்றித்தான் மேலே ஏறுவார். அம்மா அதைக் கேட்டதில்லை, அவராகச் செய்தது. காலப்போக்கில் அம்மாவுக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டுவதும், கண் டொக்டரிடம் கூட்டிப் போவதும் அவர்தான் என்றாகிவிட்டது. அண்ணாவும் மெல்ல மெல்ல வரத் தொடங்கியிருந்தார்.

அந்த நேரத்தில்தான் இரண்டாவது அலை. மீன் சந்தையில் தொற்றைக் கண்டுபிடித்தார்கள். சந்தையை மூடினார்கள். ஜெரோமை வீட்டிலேயே தனித்திருக்கச் சொன்னார்கள். சில நாளில் கொட்டாஞ்சேனை முழுவதுக்கும் தனிமைப்படுத்தல் ஊரடங்கு வந்தது. அதற்குள் அம்மாவுக்குக் காய்ச்சல். பிறகு மூச்சு. ஒரு காலையில் வெள்ளை அங்கியால் முழுக்க மூடிய ஆட்கள் வந்து அம்புலன்ஸில் ஏற்றிப் போனார்கள். அம்மா தன் கைத்தொலைபேசியையும் கொண்டுதான் போனா. அன்று முழுக்க அவவால் கதைக்க முடிந்தது. ஜெரோம் அண்ணாவுக்குச் செய்தி சொன்னது மறுநாள் பின்னேரம். அப்போது அம்மாவுக்கு நினைவில்லை.

ஜெரோமும் சுகந்தியும் தனிமைப்படுத்தலில் இருந்ததால் வெளியே கால் வைக்க முடியாது. அம்மா இறந்தபோது அண்ணா மட்டும்தான் மயானத்துக்குப் போனார். மூடிய பெட்டியைத் தூரத்தில் நின்று பார்த்தார். கிட்டப் போக விடவில்லை. கொள்ளி வைக்கவும் விடவில்லை. அன்று வீட்டுக்கு வந்து சுகந்திக்குப் போன் எடுத்து ஒரே ஒரு வசனம் சொன்னார்: “உன்ர மனுசன் சந்தையில இருந்து கொண்டந்து குடுத்திட்டான்.” அதற்குப் பிறகு அவர்களோடு கதைக்கவில்லை.

அன்று நான் அங்கியும் முகமூடியும் போட்டுக்கொண்டு யாரோ ஒருவருடைய அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். துக்க விடுமுறைக்கு அத்தாட்சி கேட்டார்கள். மரணச் சான்றிதழ் சிங்களத்தில் இருந்தது. அதை மொழிபெயர்த்து, முத்திரை குத்துவித்து, கொண்டுபோய்க் கொடுத்தபோது விடுமுறை எடுக்கும் காலம் கடந்துவிட்டது என்றார்கள். மேலாளர் பெண் உண்மையாகவே வருத்தப்பட்டாள். நானும் பரவாயில்லை என்றேன். என்ன பரவாயில்லை என்று இன்றைக்கும் தெரியாது.

3

குடும்ப வட்ஸ்அப் குழுவில் இருந்து மட்டும் இருவரும் விலகவில்லை. அங்கே தொடங்கியது அடுத்தது.

முதலாவது வருடம் அண்ணா ஒரு கட்டுரையை அனுப்பினார். கொரோனா தோன்றியது சீனாவில் ஒரு சந்தையில்தான், முதல் நோயாளிகள் பலருக்கு அந்தச் சந்தையோடு தொடர்பு என்று சொல்லும் கட்டுரை. கீழே தன் பங்குக்கு ஒன்றும் எழுதவில்லை. மறுநாள் ஜெரோம் ஒரு காணொளி அனுப்பினார். அது ஆய்வுகூடத்தில் இருந்து தப்பியது என்று ஒருவர் பேசும் காணொளி. அவரும் ஒன்றும் எழுதவில்லை. அதற்குப் பிறகு இது நிற்கவே இல்லை. அண்ணா சந்தை என்பார். ஜெரோம் ஆய்வுகூடம் என்பார். விடிந்து போனைத் திறந்தால் வௌவால், மரநாய், விஞ்ஞானிகள், அமெரிக்கா, சீனா. ஒரு காலை வணக்கமோ, சுகமா என்ற கேள்வியோ கிடையாது.

அண்ணா ஓய்வுபெற்ற கணக்காய்வாளர். ஜெரோம் விஞ்ஞானம் படித்தவர் இல்லை. இரண்டு பேருக்கும் சீனாவில் எந்த வழக்கும் இல்லை. அண்ணா சந்தை என்று எழுதும்போது அவர் சொல்வது பேலியகொடை என்று எனக்குத் தெரியும், சுகந்திக்குத் தெரியும், எல்லோருக்கும் தெரியும். ஜெரோம் பதிலுக்கு வேறு எதைத்தான் பிடிப்பார்?

என் மகன் கவின் கல்கரியில் இருக்கிறான். உயிரியல் படித்தவன். மாதத்தில் ஓரிரு தடவை எடுப்பான். ஒருமுறை அவனிடம் கேட்டேன், உனக்குத்தானே இதெல்லாம் தெரியும், எது உண்மை என்று. அவன் தன் தமிழில் சொன்னான்:

“அம்மா, ஷுவரா ஒருத்தருக்கும் தெரியாது. நிறையப் பேர் சந்தை எண்டு சொல்லுறாங்கள். மற்றதையும் முழுசா இல்லை எண்டு சொல்லேலாது. ‘தெரியாது’ எண்டுறதும் ஒரு ஆன்சர்தான்.”

“அப்ப அம்மம்மாவுக்கு ஆரால வந்தது எண்டாவது சொல்லேலுமோ?”

“அதுவும் ஏலாது. காய்ச்சல் இல்லாத ஆளிட்ட இருந்தும் வரும். கடைக்காரன், பக்கத்து வீடு, ஆரும். அம்மம்மாவுக்குத் தோற்று வந்திட்டுது. அவ்வளவுதான்.”

தொற்று என்று சொல்ல வந்தவன். நான் திருத்தவில்லை. முன்பென்றால் திருத்தியிருப்பேன். இப்போது அவன் தமிழில் நாலு வசனம் பேசினாலே போதும் என்றிருக்கிறது. தவிர, அம்மம்மா தோற்றுத்தான் போனா. அவன் பிழையாகச் சொன்னதில் எனக்குப் பிழை தெரியவில்லை.

என்னோடு கொழும்புக்கு வருகிறாயா என்று கேட்டேன். லீவு இல்லை என்றான். பிறகு, “நான் அம்மம்மாவோட சரியாக் கதைச்சதே இல்லத்தானே” என்றான். குற்றமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னான்.

4

பிறந்த ஊருக்குப் போக விசா எடுக்க வேண்டியிருக்கிறது என்பதை நான் எத்தனை தடவை எழுதினாலும் பழகாது. கட்டுநாயக்காவில் அதிகாரி கடவுச்சீட்டைப் புரட்டினார். பிறந்த இடம் கொழும்பு என்று கண்டதும் சிங்களத்துக்கு மாறினார். “நோனா கவத்த ஆபஹு யன்னே?” எப்போது திரும்பிப் போகிறீர்கள் என்கிறார். விளங்கியது. கடைத்தெருவில் சண்டை பிடிக்கும் அளவுக்கு ஒரு காலத்தில் எனக்குச் சிங்களம் இருந்தது. அடுத்த கிழமை என்று சொல்ல வாயைத் திறந்தேன். “ஹெட்ட” என்று வந்தது. நாளைக்கு. அவர் என்னையும் என் பெரிய பெட்டிகளையும் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். முத்திரை குத்திவிட்டார்.

அண்ணாவின் வீடு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு தொடர்மாடியில். அண்ணா மெலிந்திருந்தார். வந்த அன்றே தேத்தண்ணியோடு தொடங்கிவிட்டார்.

“நான் அனுப்பினதுகள் வாசிக்கிறனியோ?”

“வாசிக்கிறன் அண்ணா.”

“ஆய்வுகூடம் எண்டு கதைவிடுறதெல்லாம் அரசியல். சந்தைதான். சனம் நெருக்கமா நிண்டு, ஈரத்தில, ஒருத்தரை ஒருத்தர் இடிச்சுக்கொண்டு… அங்க பரவாமல் வேற எங்க பரவும்?”

“எந்தச் சந்தை அண்ணா?” என்று கேட்க நாக்கு வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. விமானத்தில் நித்திரை இல்லை. கால் வீங்கியிருந்தது.

மறுநாள் காலை அண்ணா கோயிலுக்குப் போயிருந்தபோது, அண்ணியும் நானும் குசினியில் இருந்து மரக்கறி வெட்டினோம். அண்ணி அதிகம் கதைக்காதவ. பயித்தங்காயை முறித்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னா:

“உங்கட அண்ணா சுகந்தி வீட்டுக்கு ஏன் போறதில்லை தெரியுமோ?”

“ஜெரோமாலதானே.”

“ஜெரோமாலயோ? மாமி, உங்கட அம்மா, கேட்டவ வதனி. சந்தை மூடின கையோட, ஊரடங்கு போடுறதுக்கு முன்னம், போன் எடுத்து, ‘கொஞ்ச நாளைக்கு உங்கட வீட்டில வந்து நிக்கட்டோ தம்பி’ எண்டு கேட்டவ. இவர் ‘ரெண்டு மூண்டு நாள் பொறுங்கோ அம்மா, பாப்பம்’ எண்டிட்டார். மகளும் கைக்குழந்தையோட இஞ்சதான் நிண்டவள். இவருக்குப் பயம். எனக்கும் பயம்தான். நானும் கூப்பிடுங்கோ எண்டு சொல்லேல்ல. பிறகு ஊரடங்கு வந்திட்டுது.”

அண்ணி கண்ணைத் துடைக்கவில்லை. பயித்தங்காயை எல்லாம் முறித்து முடித்துவிட்டு, சட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டா.

“இவர் இதை என்னோடகூடக் கதைக்கிறதில்லை. காலமை எழும்பினாப் போனும் கையும்தான். சீனாச் சந்தை, சீனாச் சந்தை எண்டு.”

எனக்கு அண்ணாமீது கோபம் வரவில்லை. கைக்குழந்தை இருக்கும் வீடு. அந்த நாட்களின் பயம் எப்படிப்பட்டது என்று இரண்டாம் மாடியில் வேலை செய்த எனக்குத் தெரியும். நான் வேலையால் வந்து என் சொந்த மகனை அறைக் கதவுக்கு வெளியே நின்றுதான் பார்த்தேன். அந்தப் பயத்தை இன்றைக்கு உட்கார்ந்து பெரிது, சிறிது என்று நிறுப்பவர்களிடம்தான் எனக்குப் பேச்சு வராது.

5

கொட்டாஞ்சேனைக்கு ஓட்டோவில் போனேன். ஜம்பட்டா வீதியில் இறங்கி ஒழுங்கைக்குள் நடந்தேன். கட்டடம் அப்படியே இருந்தது. மூன்றாம் மாடிக்கு ஏறுவதற்குள் எனக்கு இரண்டு தடவை மூச்சு வாங்கியது.

இரண்டாம் மாடியில் ரிஸ்வான் நானா கதவைத் திறந்துகொண்டு வந்தார். நானா, அதாவது அண்ணன், என்று சிறு வயதிலிருந்து நாங்கள் கூப்பிடுபவர். பம்பாய் பஸாரில் புடைவைக் கடை வைத்திருந்து இப்போது மகன்மாரிடம் கொடுத்துவிட்டார். அம்மா போன அதே கிழமைகளில் அவருடைய தாயும் அதே நோயில் போனவர். அந்த நாட்களில் கொரோனாவில் இறந்த முஸ்லிம்களையும் எரிக்கத்தான் வேண்டும் என்று சட்டம் இருந்தது வாசிப்பவர்களுக்கு நினைவிருக்கும்.

“வதனி தங்கச்சியா? ஐயோ, எவ்வளவு காலம்!” என்று படியிலேயே ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். சுகம் விசாரித்தார். பிறகு தானாகவே கதைத்தார்.

“ஒங்கட அண்ணனுக்கும் ஜெரோமுக்கும் இன்னும் கோவமாம், சுகந்தி செல்லிச்சு. எங்கேந்து வந்திச்சி, யாரு கொண்டு வந்தது… எனக்கு அதில ஒண்டும் இல்ல தங்கச்சி. வார நோய் வரும். எங்கட உம்மாவ எரிச்சாங்களே, அது நோய் செஞ்ச வேலை இல்லத்தானே. அத யாரு செஞ்சாங்கண்டு ஒரு ஆராய்ச்சியும் வேணாம். எல்லாருக்கும் தெரியும். அதுக்குத்தான் ஒருத்தரும் சண்ட புடிக்கிறாங்க இல்ல.”

நான் கதிரையில் இருந்து எழும்பினேன். அவரும் எழும்பி, “போங்க, மேல சுகந்தி பாத்துக்கொண்டு இருக்கும்” என்று அனுப்பிவிட்டார்.

சுகந்தி என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நரைத்துப் போயிருந்தாள். அன்று பகல் முழுக்க அவளுடைய கதை ஒன்றுதான்.

“முதல் காய்ச்சல் அம்மாவுக்குத்தான் அக்கா. இவருக்கு அதுக்குப் பிறகுதான் வந்தது. முதல் எடுத்த டெஸ்டில இவருக்கு இல்லை எண்டுதான் வந்தது. அண்ணாவுக்கு இதை ஆரும் சொன்னவையோ? சுகாதாரப் பரிசோதகர் வந்து கதவில நோட்டீஸ் ஒட்டிப்போட்டுப் போக, சனம் எங்கட படியால ஏறுறதில்லை. கடைக்காரன் சாமானை ஒழுங்கை முனையில வச்சிட்டு ஓடுவான். ‘மீன்காரன் வீடு’ எண்டு பேர். அதையும் தாங்கினன். சொந்த அண்ணா சொன்னதைத்தான் தாங்கேலாமல் கிடக்கு.”

ஜெரோம் சந்தையால் வந்து, வழக்கம்போலக் கீழே குளித்துவிட்டு ஏறி வந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. நான் கவின் சொன்னதைச் சொன்னேன். யாரிடமிருந்தும் வந்திருக்கலாம், கண்டுபிடிக்க முடியாது என்று. அவர் தலையைத் துவட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“தம்பி சொல்றது சரியாத்தான் இருக்கும் அக்கா. ஆனா எனக்கும் தெரியாதே. நான் இல்லன்னு நான் எப்பிடிச் சொல்ல? சந்தையில எனக்குப் பக்கத்துக் கடைக்காரனுக்கு இருந்திச்சு. நானா இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அத நெனைக்காத நாள் இல்ல.”

“பிறகேன் ஆய்வுகூடம் எண்டு அனுப்புறீங்கள்?”

அவர் சிரித்தார். ஈரத் துவாயை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

6

திவசத்தன்று வெள்ளவத்தையில் ஐயர் வந்து எல்லாம் முறைப்படி நடந்தது. அண்ணா எள்ளும் தண்ணீரும் இறைத்தார். முடிந்ததும் ஐயரை அனுப்பிவிட்டு வந்து, சாப்பிட இலை போடச் சொன்னார். நான் கைப்பையை எடுத்துத் தோளில் போட்டேன்.

“அண்ணா, நான் சாப்பாட்டுக்குக் கொட்டாஞ்சேனைக்குப் போறன். இவ்வளவு தூரம் வந்திட்டு ரெண்டு வீட்டில ரெண்டு தரம் அம்மாவுக்குச் சாப்பிட என்னால ஏலாது. நீங்களும் வாங்கோவன்.”

“நீ போ. நான் ஏன் அங்க?”

“அம்மா இருந்த வீடு எண்டபடியா.”

 நான் கீழே இறங்கி ஓட்டோவை மறித்து ஏறி இருந்தேன். சாரதி புறப்படுவோமா என்று திரும்பிப் பார்த்தபோது, அண்ணாவும் அண்ணியும் வாசலால் வந்துகொண்டிருந்தார்கள். அண்ணா வேட்டியோடேயே வந்திருந்தார். 

சுகந்தி கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். “வாங்கோ” என்ற சொல் அவளிடமிருந்து வர நேரம் எடுத்தது. வீட்டில் ரிஸ்வான் நானாவும் இருந்தார். அம்மாவின் திவசச் சாப்பாட்டுக்கு அவர் ஒரு வருடமும் தவறியதில்லையாம். அம்மாவின் படத்துக்கு முன்னால் படைத்துவிட்டு இலை போட்டார்கள். அண்ணா நிலத்தில் சம்மணமிட்டு இருந்தார். ஜெரோம் பரிமாறினார். அண்ணா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சோறு விழுந்தது, பருப்பு விழுந்தது, வாழைக்காய் விழுந்தது. 

பிறகு அண்ணா என்னைப் பார்த்துச் சொன்னார்: “வதனி, போன கிழமை அனுப்பினது வாசிச்சனியோ? முதல் ஆக்கள் சந்தையோட சம்பந்தப்பட்ட ஆக்களாம். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஜெரோமும் என்னைப் பார்த்தே சொன்னார்: “அக்கா, சந்தையில தேடினாங்க, சந்தையில கண்டாங்க. தேடாத இடத்தில என்ன இருந்திச்சோ, யாருக்குத் தெரியும்?”

“அப்ப எங்கயிருந்து வந்தது?” அண்ணா இப்போது திரும்பிவிட்டார். ஐந்து வருடத்துக்குப் பிறகு ஜெரோமின் முகத்துக்கு நேரே. “சொல்லுமன். எங்கயிருந்து வந்தது?”

“எனக்குத் தெரியாது அண்ணா.”

“தெரியாதெண்டால் ஏன் நாளும் பொழுதும் ஆய்வுகூடம், ஆய்வுகூடம் எண்டு அனுப்புறீர்?”

“நீங்க சந்தைன்னு அனுப்பினா, நான் வேற என்னத்த அனுப்ப?”

ஜெரோம் சத்தம் போடவில்லை. கையில் சாம்பார் வாளியோடு நின்றார். ரிஸ்வான் நானா இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுகந்தி அறைவாசலில் வந்து நின்றாள்.

அண்ணாவின் குரல் இறங்கியது. “அது கிடக்கட்டும். எனக்கு ஒண்டு மட்டும் சொல்லும். அம்மாவைக் கொண்டுபோன அண்டைக்கே எனக்கு ஏன் சொல்லேல்ல? அண்டைக்கு அவவிட்டப் போன் இருந்தது. நினைவு இருந்தது. நான் ஒரு வார்த்தை கதைச்சிருப்பன். அடுத்த நாள் நீர் சொல்லேக்க எல்லாம் முடிஞ்சு போச்சு.”

ஜெரோம் சுகந்தியைப் பார்த்தார்.

“சொல்லுங்கோ” என்றாள் அவள். “இனியாவது சொல்லுங்கோ.”

“மாமிதான் வேணான்னு சொன்னாங்க” என்றார் ஜெரோம். “கீழ வரைக்கும் நான்தான் தூக்கிட்டுப் போனேன். அம்புலன்ஸ்ல ஏத்தும்போது என்ட கையப் புடிச்சுக்கொண்டு சொன்னாங்க, ‘லிங்கத்துக்கு உடன சொல்லிப்போடாத தம்பி. அவன் சின்னனிலயே பயந்தவன். கொஞ்சம் சுகமானாப்பிறகு சொல்லு’ன்னு. சுகமாகும்ன்னு நானும் நெனச்சேன். மறுநாள் ஆஸ்பத்திரியால எடுத்துச் சொன்னாங்க, இனிக் கஷ்டம்ன்னு. அப்பத்தான் ஒங்களுக்கு எடுத்தேன்.”

அண்ணாவின் கை சோற்றுக்குள் அப்படியே இருந்தது.  பிறகு இலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“ஓம். நான் பயந்துதான் இருந்தனான். அம்மா வரட்டோ எண்டு கேட்டவ. நான்தான் பொறுங்கோ எண்டனான்.”

“தெரியும் அண்ணா” என்றார் ஜெரோம்.

அண்ணா நிமிர்ந்தார். “தெரியுமோ?”

“நான் பக்கத்திலதானே இருந்தேன், மாமி கதைக்கேக்க. போன வச்சிட்டுச் சொன்னாங்க, அவன் சொல்றதும் சரிதான், சின்னக் குழந்தை இருக்கிற வீடுன்னு.”

“தெரிஞ்சுகொண்டோ இவ்வளவு காலமும்…” அண்ணாவால் முடிக்க முடியவில்லை. “நான் உம்மை என்னவெல்லாம் சொன்னன். திருப்பி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“சொல்லி என்ன அண்ணா? மாமி திரும்பி வரப்போறாங்களா?”

அண்ணி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டா. சுகந்தி அறைக்குள் போய்விட்டாள். அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அண்ணா அழவில்லை. அவருடைய கை மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தது, உண்ணாமல். ரிஸ்வான் நானாதான் வழி செய்தார். “ஜெரோம், ஒங்கட அண்ணன்ட எலைல சோறு காஞ்சி கெடக்கு, பாருங்க. சாம்பார ஊத்துங்க” என்றார். ஜெரோம் குனிந்து ஊற்றினார். அண்ணா சாப்பிட்டார். எல்லோரும் சாப்பிட்டோம்.

கை கழுவிவிட்டு வந்து அண்ணா கொஞ்ச நேரம் அம்மாவின் படத்துக்கு முன்னால் நின்றார். பிறகு ஜெரோமிடம் வந்தார். மன்னிப்பு அது இது என்று ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் வீட்டு ஆண்களுக்கு அது வராது.

“வாற வருசம் ஐயரை இஞ்சயே கூட்டிக்கொண்டு வரட்டோ?” என்று கேட்டார்.

“கூட்டிட்டு வாங்க அண்ணா” என்றார் ஜெரோம். “அவருக்குத்தான் மூணு மாடி ஏறக் கஷ்டமா இருக்கும்.”

“மெல்ல மெல்ல ஏறட்டும்” என்றார் அண்ணா.